கிளைவ் ரசீது பார்க்கப் போன கதை

பேர் என்னவோ கிளைவ், நாடு பிடித்தவனுடைய பேர். ஆனால் இங்கிலாந்தில், ரோச்டேல் ஊரில், வீட்டுவசதிச் சங்கத்தின் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தில் குடியிருந்த நம் கிளைவுக்குத் தன் வீட்டு டிவி ரிமோட்டைப் பிடிக்கக்கூட வாய்த்ததில்லை. கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் வீட்டுக்குள் அவர் ஜெயித்த விவாதம் ஒன்றுகூடக் கிடையாது. ஒருமுறை ஜெயிக்கப் பார்த்தார். அன்று மனைவி டோரீனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் எழுதிக் காட்டித் தோற்கடித்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் முதல் வாடகை இவ்வளவு, அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் வாரத்துக்கு இவ்வளவு என்று. மாடிப்படி கழுவுகிறவன், புல் வெட்டுகிறவன், படிக்கட்டு விளக்கு, ரிப்பேரான வாசல் கதவு என்று ஆன செலவை எல்லாம் கூட்டுவார்கள். நிர்வாகத்துக்கு என்று தலையில் கொஞ்சம் வைப்பார்கள். பிறகு பன்னிரண்டு வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் கிளைவ் அதைப் படித்துத் திட்டுவார், டோரீன் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள், அத்தோடு முடிந்துவிடும்.

இந்த வருஷம் புதிதாக ஒரு வரி இருந்தது. கொல்லையில் யாரோ போட்டுவிட்டுப் போன பெரிய சாமானை அகற்றியதற்கு நூற்று நாற்பத்துநான்கு பவுண்டு. வீட்டுக்குப் பன்னிரண்டு.

"எவனோ ஓட்டை ஒடசலைக் கொண்டாந்து குப்பைத்தொட்டி பக்கத்துல போடுவான். அதை அள்ளுறதுக்கு நான் அழணுமா?"

"விடு கிளைவ். வாரத்துக்குக் கால் பவுண்டுகூட வராது."

"காசு இல்ல டோரீன். நியாயம்."

"நியாயத்தை டீ குடிச்சிட்டுக் கேளு. ஆறிப்போகுது."

டீ ஆறினாலும் கிளைவ் ஆறவில்லை. சாமான் போட்டவனே முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். கீழ் வீட்டு பெர்னார்ட், மனைவி போன பிறகு தனிக்கட்டை. குளிர்காலத்தில் ஹீட்டரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாத மனிதர். அவர் கிளைவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாவியைக் கண்டுபிடியுங்கள், உங்களைத்தான் நம்பியிருக்கிறோம் என்றார். தன்னை ஒருவர் நம்புவது கிளைவுக்குப் புது அனுபவம். இந்த ஒன்றிலாவது ஜெயித்துவிட வேண்டும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. டோரீன் மட்டும் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, மணிமணியாகக் கையெழுத்துப் போட்டாள்.

ரசீதுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டால் சங்கம் காட்டியாக வேண்டும். கிளைவ் எழுதினார். மூன்று வாரம் பதில் இல்லை. மறுபடி எழுதினார். கடைசியில் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த டையைக் கட்டிக்கொண்டு போனார்.

சங்க ஆபீசில் ஷாஸியா என்ற பெண் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் புரட்டினார். புல் வெட்டியது சரி. விளக்கு சரி. அந்த நூற்று நாற்பத்துநான்கு வந்தது.

"இதுக்குப் போட்டோவே இருக்கு சார். அள்ளுறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து வச்சிருவோம். உங்கள மாதிரி யாராச்சும் கேப்பாங்கல்ல."

மழையில் நனைந்துகொண்டு, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய சாய்வு சோபா. பழுப்பு நிறம். வலக்கையில் கிழிசல். அந்தக் கிழிசலில் பஸ் சீட்டுத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. ரோச்டேல் முழுக்கத் தேடினாலும் பஸ் சீட்டுத் துணியில் ஒட்டுப் போட்ட சோபா ஒன்றுதான் உண்டு. அந்த ஒட்டைப் போட்டவர் கிளைவ்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அதை விகனில் இருக்கும் தன் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டதாக டோரீன் சொல்லியிருந்தாள். பையன் அதில் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா பெரியப்பா என்று உருகுகிறானாம். கிளைவ் அதை நம்பி, கிறிஸ்துமஸ் கார்டில் சோபாவையும் விசாரித்து எழுதியிருந்தார். இருபத்தாறு வருஷம் அவர் முதுகைத் தாங்கிய சோபா, அநாதை மாதிரி மழையில் கிடந்தது.

"தெரிஞ்சவங்க சாமானா சார்?"

"இல்லம்மா. யாருன்னே தெரியல."

சொல்லிவிட்டுப் படத்தின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்த பஸ்ஸின் டிரைவர் மூன்று இடத்தில் தவறாக பிரேக் போட்டான். வேறு நாளாக இருந்தால் எழுந்து போய்ச் சொல்லியிருப்பார். அன்று ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படத்தை மேஜை மேல் விரித்தார். டோரீன் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்."

"என் சோபா, டோரீன்."

"வேற என்ன பண்ணச் சொல்ற? குப்பை அள்ளுற கவுன்சில்காரன் வீட்டுக்கு வந்து எடுக்க முப்பது பவுண்டு கேட்டான். வெளியில வச்சா சும்மா எடுத்துட்டுப் போறாங்கன்னு மாடி வீட்டம்மா சொல்லிச்சு. எடுத்துட்டுத்தான் போனாங்க."

"சும்மாவா? நூத்தி நாப்பத்துநாலு பவுண்டு! அதுல பெர்னார்ட் பங்கும் இருக்கு!"

"இப்ப மொத்தமும் நம்ம பங்குதான். வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினது யாரு?"

கிளைவ் உட்கார்ந்தார். உட்காரவும் நல்ல இடம் இல்லை, ஸ்டூல்தான் இருந்தது. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? பணம்கூடப் போகட்டும், கீழே போய் பெர்னார்ட் முகத்தில் எப்படி விழிப்பது? வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் துப்புத் துலக்கிப் பிடித்த திருடன் தன் வீட்டிலேயே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறானே என்று அழுகை வந்தது.

டோரீன் படத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"இது எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். வியாழக்கிழமை கூட்டத்துல நீ வாயைத் தொறக்காத. நான் பேசிக்கிறேன். நீ தலையை மட்டும் ஆட்டு."

அது அவருக்குப் பழக்கமான வேலைதான்.

வியாழக்கிழமை காலையில் துணி துவைக்கும் அறையில் கூட்டம் கூடியது. பெர்னார்ட் முதல் ஆளாக வந்து, யார் என்று தெரிந்ததா என்று கேட்டார். டோரீன் எழுந்தாள். கிளைவ் எல்லா ரசீதும் பார்த்துவிட்டார், போட்டோ தெளிவாக இல்லை, ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றாள். கிளைவ் தலையாட்டினார். அதனால் மனுஷன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, மனசு அவ்வளவு உடைந்துவிட்டது என்றாள். அது நிஜமாகவே இருந்ததால் இன்னும் பலமாக ஆட்டினார்.

"உங்க எல்லாருக்கும் தன்னால நஷ்டம் வந்துடுச்சேன்னு புலம்புறாரு. பெர்னார்டோட பன்னெண்டு பவுண்டைத் தானே கொடுக்கிறேங்கிறாரு. இனிமே ஒரு சாமான் அங்க விழக்கூடாதுன்னு, செவ்வாயும் வியாழனும் ரெண்டு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் குப்பைத்தொட்டிக்குத் தானே காவல் இருக்கப் போறாராம்."

தலை பாதி ஆட்டத்தில் நின்றது. செவ்வாயும் வியாழனும் அந்த நேரத்தில்தான் டோரீனுடைய சிநேகிதிகள் சீட்டாட வருவார்கள், அவர் நடுவில் உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். டோரீன் கைப்பையை மடியில் வைத்து, அதன் கொக்கியைக் கட்டைவிரலால் லேசாகத் தடவினாள். கிளைவ் மீதிப் பாதியையும் ஆட்டினார். பெர்னார்ட் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று கண் கலங்கினார். கிளைவுக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தூறிக்கொண்டிருந்தது. டோரீன் குடையைக் கையில் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினாள். நாலு மணி நேரம் கால் தாங்காதே, உட்கார அந்த ஸ்டூலையாவது எடுத்துப் போகட்டுமா என்று கிளைவ் கேட்டார்.

"வேணாம் கிளைவ். நீ அசந்த நேரம் பார்த்து அள்ளிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அதுக்கும் சேர்த்துப் பன்னெண்டு வீட்டுக்கும் பில்லு வரும்."