எனக்கெதுக்குங்க அந்த நாற்காலி?

மனிதர்களில் ‘பெயர் அடிபடுகிறவர்’ என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதாரண நாட்களில் இவரைக் கூட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. சாப்பிடுவார், தூங்குவார், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். எங்கேயாவது ஒரு பெரிய நாற்காலி திடீரென்று காலியாக வேண்டும். அப்போதுதான் சுயரூபம் தெரியும்.

எனக்குத் தெரிந்தவர் உயர் நீதிமன்ற நீதிபதி. ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். அந்த நேரம் பார்த்து, நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் காலையில் குளிக்கப் போனவர், போனவர்தான். செய்தி வந்தபோது நம்மவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

“அடப் பாவமே, தங்கமான மனுஷன்!” என்றார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, “என் கறுப்புக் கோட்டு சலவையிலேர்ந்து வந்துடுச்சா?” என்றார்.

துக்கத்துக்குத்தானே கேட்டார்? அப்படித்தான் நாமும் வைத்துக்கொள்வோம்.

இரங்கல் கூட்டத்தில் நம்மவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். மறைந்தவர் நில வழக்குகளில் கரை கண்டவர், விடியற்காலையில் எழுந்து நடப்பவர், எந்தக் கட்சிக்காரரின் மனமும் கோணாமல் தீர்ப்பு எழுதத் தெரிந்தவர், அந்த இடத்துக்கு இனி வருகிறவரும் அப்படியே அமைய வேண்டும் என்று தழுதழுத்தார். செத்தவருக்கோ நில வழக்கு என்றாலே ஆகாது. நடையா? கார்க் கதவு வரைக்கும்தான். பின்னே இதெல்லாம் யாருடைய லட்சணம்? கண்ணாடி முன்னால் நின்று தயாரித்த இரங்கல் உரை ஐயா அது!

அன்றிலிருந்து அவருடைய நீதிமன்றத்தில் தீர்ப்பு என்பதே இல்லாமல் போனது. தீர்ப்புச் சொன்னால் ஒருவர் தோற்பார். தோற்றவர் மந்திரிக்கு மச்சானாக இருந்து தொலைத்தால்? “ரெண்டு பக்கமும் பிரமாதமான வாதம். யோசிச்சுச் சொல்றேன்” என்று ஒத்திவைத்துவிடுவார். வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிற மனிதர், வக்கீல்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பாவம், பயந்துபோனார்கள்.

இந்த இனத்துக்கென்று ஒரு சடங்கு உண்டு. வராந்தாவில் யாராவது கையைப் பிடித்து, “சார், உங்க பேருதான் பலமா அடிபடுது!” என்பார்கள். உடனே கண்ணை லேசாக மூடிக்கொள்ள வேண்டும்.

“அட போங்க! எனக்கெதுக்குங்க அந்த நாற்காலி? என்னைவிடத் தகுதியானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. நம்ம பக்கத்து அறை அம்மாவையே எடுத்துக்குங்களேன். என்ன அறிவு, என்ன உழைப்பு!”

பக்கத்து அறை அம்மா நேற்று வந்த நீதிபதி. போட்டியில் அவர் பெயரே கிடையாது. சொன்னால் ஆபத்தில்லை, பெருந்தன்மைப் பட்டமும் சும்மா கிடைக்கும். எதிராளி உடனே, “சேச்சே! உங்களுக்கப்புறம்தான் சார் மத்தவங்க” என்று சொல்லியாக வேண்டும். அதுதான் சடங்கின் மறுபாதி. எல்லோரும் ஒழுங்காகச் சொன்னார்கள். நம்மவருக்கு ருசி கண்டுவிட்டது. ஒரு விருந்தில் சட்ட மந்திரியின் செயலாளரிடமும் அதையே எடுத்து விட்டார். அந்த மனிதருக்குச் சடங்கு தெரியவில்லை. “அப்படிங்களா?” என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் போனை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

“பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேச விடமாட்டேங்கறீங்களே! வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றாள் மனைவி.

“வேணும்னு கேக்கறவனுக்குக் குடுக்கமாட்டாங்க. உனக்குப் புரியாது.”

“வேண்டாம்னு சொல்றவருக்கு மட்டும் வீடு தேடி வந்து குடுப்பாங்களாக்கும்?”

இந்த வாதத்தில் சட்டச் சாரம் இல்லை என்று நம்மவர் தள்ளுபடி செய்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் தீர்ப்பு அதுதான்.

ஒருவழியாகப் போன் அடித்தது. செயலாளர்தான். நம்மவர் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, மந்திரி உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாருங்க.”

“என்னங்க பெரிய நன்றி! நாட்டுக்காக...”

“உங்களையும் சேர்த்து நாலு பேருக்குள்ள ஒரே இழுபறிங்க. மத்த மூணு பேரும் தனக்கே வேணும்னு நின்னாங்க. நீங்க ஒருத்தர்தான் மனசாரத் தனக்கு வேண்டாம்னு இன்னொருத்தரைச் சொன்னீங்க. அந்த அம்மாவுக்கே போட்டாச்சு. உங்க வாக்கு வீண்போகலீங்க!”

“நல்ல... ரொம்ப நல்ல முடிவு” என்றார் நம்மவர். நின்றது நின்றபடியே இருந்தார். மனைவிதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தாள்.

மறுநாள் ஒத்திவைத்த தீர்ப்புகளெல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன. திட்டு வாங்கிய வக்கீல்கள், செய்தி வருவதற்கு முன்பே, மேலே இடம் நிரம்பிவிட்டதென்று தெரிந்துகொண்டார்கள். மாலையில் அந்த அம்மா தேடிக்கொண்டு வந்தார். “நீங்க சொல்லலேன்னா என் பேரு அங்க யாருக்குமே தெரிஞ்சிருக்காது. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்.”

நம்மவர் கண்ணை லேசாக மூடிக்கொண்டார். “அட போங்கம்மா! எனக்கெதுக்கு அதெல்லாம்?”

வாய்ப் பழக்கம், என்ன செய்வது!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் திடீரென்று விலகினாரே, அன்றைக்கு, “எனக்கெதுக்குங்க, சாரைப் போடுங்க” என்று பக்கத்திலிருந்தவரைக் கைகாட்டிவிட்டு, யாராவது ‘சேச்சே’ என்பார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? நீங்கள் இல்லையா? நம்புகிறேன். அப்படியானால், அந்தப் பக்கத்து ஆள் தலைவரானதிலிருந்து அவரைக் கண்டால் ஏன் மாடிப்படி மாறிப் போகிறீர்கள்?