ரிஜெக்ட் அண்ணன் மாமல்லபுரம் போன கதை

ரிஜெக்ட் அண்ணன் மட்டும் பல்லவர் காலத்தில் பிறந்திருந்தால் மாமல்லபுரத்தில் இன்றைக்கு ஒரு சிற்பம்கூட மிஞ்சியிருக்காது. எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பார். கேட்க வந்த ராஜாவுக்கும் ஒன்று ஒட்டியிருப்பார்.

ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. லைனில் வரும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பொட்டு அளவு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பச்சை ஒட்டினால் பாஸ், லாரி ஏறிவிடும். சிவப்பு ஒட்டினால் ரிஜெக்ட், உருக்கப் போய்விடும். மஞ்சள் ஒட்டினால் ஹோல்ட். இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, இங்கேயே இருக்கட்டும், மறுபடி பார்க்கணும் என்று அர்த்தம். இதில் கஷ்டம் என்னவென்றால், சாயங்காலம் கம்பெனி பஸ் அவரைப் படப்பையில் இறக்கிவிடும்போது வேலையும் அவரோடு சேர்ந்து இறங்கிவிடும். சட்டைப் பையில் மூன்று கலர் ஸ்டிக்கரும் எப்போதும் இருக்கும்.

அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். குடிபோன அன்றைக்கே என் கதவில் மஞ்சள் ஒட்டிவிட்டுப் போனார். ஹோட்டலில் இட்லியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். முடி வெட்டிக்கொண்டு வந்தால் கிருதா இரண்டையும் டேப் வைத்து அளப்பார். எதிர்வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், எல்லோரும் கொஞ்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும், "காது ரெண்டும் ஒரே லெவல்ல இல்லியேபா" என்றார். அண்ணி அவரைத் தரதரவென்று இழுத்து வந்துவிட்டார். பாவம், குழந்தையின் அப்பா ஒரு வாரம் ஸ்கேலும் கையுமாக அலைந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள், கவிதா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். அதே லைனில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பையன் இசக்கிமுத்துவை அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் பேச்சை எடுத்ததும் அண்ணன், "தெக்கத்திப் பையன், ரூம்ல தங்கிகினு கீறான், சொந்தமா ஒரு வண்டிகூட கெடையாது, ரிஜெக்ட்" என்றுவிட்டார். கவிதா அழவில்லை, கத்தவில்லை. "சரிப்பா. இனிமே எனக்கு வேற யாரையும் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். சொன்னதைச் செய்கிற பெண். வீட்டில் சோறு இறங்கவில்லை.

அண்ணி மாடிக்கு வந்தார். "தம்பி, அவரு பாக்காமயே செகப்பு ஒட்டிட்டாரு. ஒரு தபா நேர்ல பாக்கட்டும். ஒரு வேன் எடு. மாமல்லபுரம் போய்ட்டு அப்டியே தி.நகர் சுத்திட்டு வரலாம். அந்தப் பையனை உங்க வூட்டு ஆளுன்னு சொல்லிக் கூட்டிகினு வந்துரு."

மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் கிளம்பியது. ஒரகடம் சந்திப்பில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தான் இசக்கிமுத்து.

"அண்ணே, இவன் என் சித்தப்பா பையன்" என்றேன்.

"வணக்கம் சார். நல்லாயிருக்கியளா?" என்றான் அவன், திருநெல்வேலியே எழுந்து வந்து நின்ற மாதிரி.

அண்ணன் என்னைப் பார்த்தார். "உங்க சித்தப்பா வாலாஜாபாத் தாண்டினதே இல்லன்னு சொன்னியேபா."

பின் சீட்டில் கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் அதையும் பார்த்தார். எதைத்தான் அவர் பார்க்கவில்லை. அவனைத் தனக்கு எதிரே உட்கார வைத்துக்கொண்டார். செங்கல்பட்டு வரைக்கும் அவன் காதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரூம்ல சோத்துக்கு இன்னா பண்றீங்க?"

"நாங்களே பொங்குதோம் சார்."

"சாம்பார்ல உப்பு கரெக்டா கீதா?"

"ஒருநா கூடும், ஒருநா கொறையும் சார்."

"வேரியேஷன்" என்றார் அண்ணன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. அண்ணி சட்டென்று ஒரு வாழைப்பழத்தை அந்தக் கையில் திணித்தார்.

மாமல்லபுரத்தில் முதலில் அந்த உருண்டைப் பாறை. சரிவில் காலங்காலமாக நிற்கிறதே, அதுதான். ஊரே அதைத் தாங்குவது மாதிரி கையை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். "அடியில ஒரு கட்டைகூட இல்லாம நிக்க வுட்டுகீறாங்க. சேப்டின்னு ஒன்னு வேணாமா?" என்றவர், நிழலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தையே எழுப்பி வேறு பக்கம் உட்கார வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நன்றி சொன்னார்.

அடுத்து ஐந்து ரதம். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. ஏனென்றால் அங்கே பல இடங்களில் வேலை பாதியில் நின்றிருக்கிறது. அண்ணன் கண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த கைடைப் பிடித்துக்கொண்டார். "இத்த யாரு பாஸ் பண்ணது?"

"ராஜாதான் சார்."

"ராஜான்னா? செக் பண்ணவரு யாரு? கையெழுத்து எங்க கீது?"

கைடு தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வேறு ரதத்துக்குப் போய்விட்டார். அண்ணன் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். கல் யானையை மட்டும் தடவிப் பார்த்து, "பினிஷிங் பரவால்ல" என்றார். பெரிய ரதத்தின் கீழே செதுக்காமல் விட்ட இடத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அறிவித்தார்: "மொத்தமும் ரிஜெக்ட்."

சொல்லிவிட்டு இசக்கிமுத்துவைத்தான் பார்த்தார். ரதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்ததே வீண், பேசாமல் வீட்டுக்குப் போகலாம் என்று நான் வேன் டிரைவரைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போது இசக்கிமுத்து மெதுவாகச் சொன்னான். "சார், தப்பா எடுத்துக்கிடாதிய. இதை ரிஜெக்ட்னு சொல்லக் கூடாதுல்லா?"

"ஏன்?"

"வேலை முடிஞ்சு வந்த சாமானத்தான ரிஜெக்ட் பண்ணணும். இது இன்னும் முடியலயே சார். லைன்லதான கெடக்கு."

அண்ணன் ரதத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி ரதத்தைப் பார்த்தார். அவர் கம்பெனியில் அது முதல் விதி. முடியாத வேலைக்கு யாரும் தீர்ப்பு எழுத முடியாது. அந்த விதியை அவர் எங்களுக்கே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், அவரிடம் திருப்பிச் சொல்லத்தான் எவனுக்கும் தோன்றவில்லை. "பசிக்குது, வா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அண்ணி என் பக்கம் திரும்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி தி.நகர் வந்து சேர்ந்தோம். பண்டிகை வரப்போகிற சமயம். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அண்ணி ஒரு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அண்ணனைக் காணோம்.

போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும்? கவிதா இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் ஓடினாள். அண்ணி பூக்கடை ஓரம் உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் வழக்கம்போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இசக்கிமுத்து மட்டும் கொஞ்சம் யோசித்தான். "அண்ணாச்சி, இங்கன தள்ளுபடிச் சாமான் எங்க குமிச்சிருக்காவ?" என்று பூக்காரரிடம் கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான்.

நாங்கள் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பாத்திரக் கடை வாசலில், "எதை எடுத்தாலும் ஒரே விலை" என்று எவர்சில்வர் டம்ளர்களைக் குவித்திருந்தார்கள். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு டம்ளராக எடுத்து, விளிம்பைத் தடவி, பிசிறு இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். சுற்றிலும் பெண்கள் கூட்டம். "ஐயா, எனக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஆறு குடுங்க" என்று நீட்டிய கைகளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு அவரைத் துரத்துவதா, சம்பளம் பேசுவதா என்று தெரியவில்லை.

எதிரே, அதேபோல் சம்மணம் போட்டு, இசக்கிமுத்து. அவனும் விளிம்பைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் நல்ல பக்கம் வைத்த ஒரு டம்ளரை அண்ணன் எடுத்தார். தடவினார், வெளிச்சத்தில் பிடித்தார், கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் அதை நல்ல பக்கமே வைத்தார். இன்னொருவர் சரி என்று வைத்ததை அவர் சரி என்று விட்டதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கவிதா என் கையை அப்படி அழுத்திப் பிடித்தாள், அப்புறம் இரண்டு நாள் வலித்தது.

தாம்பரம் வழியாகத் திரும்பினோம். ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க இசக்கிமுத்து படப்பையில் இறங்கினான். "வாரேன் சார்" என்று திரும்பி நடந்தவன் முதுகில், சட்டைக் காலருக்குக் கீழே, ஒரு ஸ்டிக்கர்.

மஞ்சள்.

கவிதாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஹோல்டாப்பா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேலை முடியாத சாமானுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாதுன்னு அவனே சொல்லிட்டான் இல்ல? பச்சையும் ஒட்ட முடியாது. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரச் சொல்லு. மறுபடி பாக்கணும்."

அவள் விசும்ப ஆரம்பித்ததும் அண்ணி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழாத, லூசு. பச்சை ஒட்டினத லாரி ஏத்திட்டா உங்கப்பா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. மஞ்ச ஒட்டினது மட்டும்தான் அவரு மேஜையிலயே கீது. எனக்கு கல்யாணம் ஆனதுலேர்ந்து மஞ்சதான்."

அண்ணன் இருமினார். இருட்டிக்கொண்டு வந்ததால் முகம் தெரியவில்லை.

இசக்கிமுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான், அப்புறம் மாப்பிள்ளையாகவே வந்தான். தாலி கட்டும்போது அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று முடிச்சையும் குனிந்து பார்த்தார். ஐயர் முறைத்தார்.

நான் பிறகு சேரப்பணஞ்சேரியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அண்ணன் சுவரைத் தட்டினார், ஜன்னலை ஆட்டினார், மாடிப்படியை டேப் வைத்து அளந்தார். பையில் கை விட்டபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கே பச்சை ஒட்டிவிடுவாரோ என்றுதான். வாசக்காலில் மஞ்சளை ஒட்டிவிட்டு, "இப்ப ஒன்னும் சொல்றதுக்கில்லபா, ஞாயித்துக்கெழம வரேன்" என்றார். போன மாதம் பெயிண்ட் அடிக்க வந்தவர் அதைச் சுரண்டப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது இருக்கும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வருவார்.