சுவரை விட்டு நகராத பெண்மணி

லிஃப்ட் ரிப்பேர். "லிஃப்டை விட்டு இறங்கினதும் இடது பக்க வீடு" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லிஃப்டே ஓடாதபோது அதை விட்டு எப்படி இறங்குவது? பட்டன் லிஃப்டுக்கு நேர் எதிரே போய் முடியும் பின்பக்கப் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்று, தன் இடது கைப் பக்கம் இருந்த கதவைத் தட்டினான்.

பட்டன் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சலவை இயந்திரம் செய்யும் கம்பெனியில் அவன் வடிவமைப்பாளன். இயந்திரத்தின் தொடுதிரையில் எது எங்கே இருக்க வேண்டும், எதைத் தொட்டால் என்ன வர வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. அப்படித்தான் வேலையில் சேரும்போது சொன்னார்கள். சேர்ந்ததிலிருந்து அவன் செய்தது, 'தொடங்கு' பட்டனைப் பச்சையிலிருந்து நீலத்துக்கும் நீலத்திலிருந்து பச்சைக்கும் மாற்றியதுதான். அதில் வந்த பெயர்.

"ஒரு வீட்ல போய் உக்காருங்க. அவங்க மெஷினை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு பாருங்க," என்று மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். "நாம யாருமே யோசிக்காத ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டு வந்தா, புது மெஷினோட திரை முழுக்க உங்களுக்கு. இல்லன்னா நீலம், பச்சை, அப்படியே ஓட்டுங்க."

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர்.

"பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றான் பட்டன்.

"வாங்க சார், வாங்க. காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"துணி துவைக்கிற மெஷின் எங்க இருக்கு?"

"மெஷின் மட்டும் என்னங்க, எல்லாத்தையும் நல்லாப் பாருங்க."

ஒத்துழைக்கிற குடும்பம். பட்டனுக்குப் பாதி உயிர் வந்தது. பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: எதற்கு வந்தாய் என்று விளக்கிக்கொண்டிருக்காதே, விளக்கினால் ஜனங்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வாயை மூடு, கண்ணைத் திற, கைபேசியை அணை. மூன்றையும் செய்தான்.

மெஷினுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் மனைவி சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தாள். நின்ற இடத்திலிருந்தே வணக்கம் சொன்னாள்.

"நான் இங்க இல்லவே இல்லைன்னு நினைச்சுக்குங்க. எப்பவும் போலத் துணியைப் போடுங்க," என்றான்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் புருவத்தை உயர்த்தினார். அவள் சுவரை விடாமலே ஒரு காலை நீட்டித் துணிக்கூடையை இழுத்தாள். ஒரு கையை நீட்டி மூடியைத் திறந்தாள். கழுத்தைத் திருப்பித் திரையைத் தொட்டாள். விரல் எங்கெங்கோ பட்டு, கடைசியில் ஒரு வழியாக மெஷின் ஓடியது.

பட்டனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெஷினுக்கு எதிரே நின்றுதான் எல்லோரும் துவைக்கிறார்கள் என்று இத்தனை காலம் ஒரு கம்பெனியே நம்பிக்கொண்டிருக்கிறது.

"கொஞ்சம் முன்னாடி வந்து நின்னா சுலபமா இருக்காதா?"

"எனக்கு இப்படித்தாங்க வசதி. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்."

பக்கவாட்டிலிருந்து பார்க்கலாமே என்று பட்டன் இடது பக்கம் எட்டிப் பார்த்தான். அவளும் அதே பக்கம் நகர்ந்தாள். வலது பக்கம் எட்டினான். அங்கேயும் அவள்தான் இருந்தாள். இப்படியும் ஒரு மனுஷி துவைப்பாளா? அவன் இதுவரை எதையும் இவ்வளவு ஆசையாகக் கவனித்ததில்லை.

அப்போது எங்கோ கடகடவென்று சத்தம் கேட்டது. உடனே வீட்டுக்காரர் தொண்டையைத் திறந்து பாட ஆரம்பித்தார். சத்தம் நின்றதும் பாட்டும் பாதி வரியில் நின்றது.

"நல்லாப் பாடுறீங்களே சார்."

"மெஷின் ஓடினா தானா வந்துரும்."

"சந்தோஷத்துல," என்றாள் மனைவி.

பட்டன் அதையும் மனதில் குறித்துக்கொண்டு திரும்பினால், நடைவழிக்கு நட்டநடுவில் நாற்காலி போட்டு வீட்டுக்காரரின் அப்பா உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் வயிற்றை எக்கிக்கொண்டுதான் அவரைத் தாண்ட வேண்டியிருந்தது.

"ஐயா, நீங்க மெஷின் பக்கம் வர்றதே இல்லையா?"

"நான் எந்திரிக்க மாட்டேன். எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"டாக்டர்," என்றாள் மருமகள் அவசரமாக. "மாமாவுக்கு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஆமா, டாக்டரு," என்றார் பெரியவர். "ஏம்மா, அந்தச் சட்டையைத் தனியாப் போடு, சாயம் போகும்."

உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு. ஆனாலும் மூவர் முகத்திலும் ஏதோ இறுக்கம். பட்டனுக்குப் பாவமாக இருந்தது. அவர்களைச் சமாதானப்படுத்த நினைத்தான்.

"இதோ பாருங்க, நல்லதெல்லாம் எனக்கு வேண்டாம். எங்க கோளாறு, எங்க தொந்தரவு, அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன். நீங்க மறைச்சாலும் கண்டுபிடிச்சுடுவேன். அதுதான் என் தொழிலே."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பெரியவர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தார். எந்தச் சத்தமும் இல்லாமலே வீட்டுக்காரர் பாட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மெஷினோடு இவ்வளவு ஒன்றிப்போன குடும்பத்தைப் பட்டன் பார்த்ததே இல்லை. கிளம்பும்போது தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தான்.

"பிடிச்சிருக்கா சார்?" என்றார் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. மேடம்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

"பேசுங்க, பேசுங்க. அவங்க சரின்னாத்தானே எதுவும்," என்றார் அவர். அனுபவம் பேசியது.

தெருவுக்கு வந்து, அணைத்து வைத்திருந்த கைபேசியை மறுபடி இயக்கினான். தெரியாத எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள். எவனாவது இன்ஷூரன்ஸ் விற்பவனாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் கூட்ட அறையில் பட்டன் பேசப் பேச, மேலாளர் அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். திரையை முகப்பிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைக்கிறோம். முதுகு சாய்க்க ஒரு மெத்தை. சுழலும்போது பயனர் பாடுவார், மெஷின் பின்னணி இசை கொடுக்கும். எழுந்திருக்க முடியாத பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து குரலாலேயே அதட்டி வேலை வாங்கலாம்.

"இன்னும் நாலு வீட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே?" என்றார் பொறியாளர்.

"ஒரு வீட்டை ஒழுங்காப் பார்த்தா போதும்," என்றார் மேலாளர். "இன்னைக்கே புது மெஷினுக்கு அச்சு வார்க்கச் சொல்லிடுங்க. பழைய டிசைனைத் தூக்கிப் போடுங்க."

பிறகு எல்லோர் முன்னாலும் அவனை அவனுடைய சொந்தப் பெயரால் அழைத்துக் கைகுலுக்கினார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில்தான்.

வரவேற்பில் இருக்கும் பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"பட்டன் சார், நேத்து நீங்க போன வீட்டம்மா லைன்ல இருக்காங்க. சுவர்ல ஈரம், குழாய்ல சத்தம், மாமனார் நாற்காலிக்குக் கீழ உடைஞ்ச தரை, எல்லாத்தையும் மறைச்சது தப்புதானாம், சரி பண்ணியே தந்துடறாங்களாம், வீட்டை வாங்கிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."