ஆமென் நைனாவும் அவர் கேட்காத ஆமெனும்

ஆமென் நைனாவைப் போல உரக்க ஜெபம் செய்த மனிதர் பழவேற்காடு ஏரிக்கரையில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆண்டவரைக் கூப்பிட்டால் ஏரி நடுவில் நிற்கும் பூநாரைகள் ஒற்றைக்காலை மாற்றி வைக்கும். எங்கள் குப்பத்தில் யார் வீட்டிலும் அலாரம் கடிகாரம் கிடையாது. தேவைப்படவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு மீனவர் சங்கத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. நைனாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தேன். நடுவே ஒரு ஓலைத் தடுப்பு மட்டும். அந்த வட்டாரத்தில் தெலுங்கு வாடை கலந்த பேச்சு, அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். இவரை ஊரே அப்படிக் கூப்பிட்டது. ஆமென் என்ற பட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதை முதல் நாள் காலையிலேயே தெரிந்துகொண்டேன்.

விடியும் நேரத்தில் தன் மூன்று பிள்ளைகளையும் பாயில் உட்காரவைப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மனைவி சாராள் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார். இவர் அதை விளக்குவார், ஜெபம் செய்வார், கடைசியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆமென் கேட்டு வாங்குவார். சத்தம் போதாவிட்டால் மறுபடியும். கடைக்குட்டிக்குத் தூக்கம் தெளியாத நாட்களில் ஆமென் கேட்கும் படலம் ஜெபத்தைவிட நீளும். தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த பாய், தான் தொழுதுவிட்டு வந்து அடுப்புப் பற்றவைத்தால் சரியாக நைனா வீட்டு ஆமென் கேட்கும் என்றும், அதைக் கேட்டபிறகுதான் பால் பொங்குகிறது என்றும் என்னிடம் சொல்வார்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால் நைனாவிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் ஐயா, பிள்ளைகளைத் தவறாமல் ஞாயிறு பள்ளிக்கு அனுப்புங்கள், விசுவாசத்தை டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று அறிவித்திருக்கிறார். நைனா எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, வாரத்துல ஒரு மணி நேரம் நீங்க சொல்லிக் குடுங்க, வேணான்னு சொல்லல. மீதி நேரம்லாம் புள்ளைங்க என்னாண்டதான கீது? நாளைக்கு ஆண்டவர் என்னியக் கேட்டா, டீச்சராண்ட உட்டுட்டேன்னு சொல்ல முடியுமா?"

பாஸ்டர் ஐயா அன்றைக்குப் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டாராம்.

நைனா சொல்லிக்கொடுத்த விதம் வேறு எங்கும் காணக் கிடைக்காது. வேதத்தில் எந்தக் கதையாக இருந்தாலும் அதில் ஒரு படகும் கொஞ்சம் மீனும் வந்துவிடும். பாலைவனத்தில் நடந்த கதையைக்கூட ஏரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். ஆண்டவர் புயலை அதட்டி அடக்கின கதையைச் சொன்னபோது, சொன்னால் மட்டும் போதாது, பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்று முடிவுகட்டினார். பிள்ளைகளைப் படகில் ஏற்றி முழங்கால் தண்ணீருக்குத் தள்ளிவந்து, தானே ஆண்டவராகப் படகின் ஒரு முனையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சாராளும் நானும் வேட்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றோம். நான்தான் காற்று. சாராள் அலை.

நான் அப்போது இளவட்டம், கையில் பலம் இருந்தது. சாராளுக்கும் ஏதோ பழைய கணக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் ஆட்டிய ஆட்டத்தில் படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக எழுந்து நின்றார்கள். ஆண்டவர் மட்டும் தலைகீழாகச் சேற்றில் கிடந்தார். ஏன் காற்றை அதட்டவில்லை என்று கடைக்குட்டி கேட்டது.

"வாய்ல சேறும்மா" என்றார் நைனா, துப்பிக்கொண்டே.

ஆனால் அந்தக் கதையை அந்தப் பிள்ளைகள் மறக்கவே இல்லை. நானும் மறக்கவில்லை. பெயருக்குக் கிறிஸ்தவன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவன் நான். இருந்தும் இன்றுவரை எங்கே காற்று பலமாக அடித்தாலும் எனக்கு அந்தச் சேறுதான் ஞாபகம் வருகிறது.

மூத்தவள் எஸ்தர் கேள்வி கேட்கிற பிள்ளை. மீன் கிடைக்காத நாளில் வெறும் கையோடு கரையேறினாலும் நைனா பிள்ளைகளை உட்காரவைத்து நன்றி சொல்லச் சொல்வார். ஒன்றும் கிடைக்காததற்கு எதற்கு நன்றி என்று அவள் ஒருநாள் கேட்டாள். வேறு யாராக இருந்தாலும் அதட்டியிருப்பார்கள். நைனா, "எனக்கும் சரியாத் தெரில. படகு திரும்பி வந்துச்சுல்ல, இன்னிக்கு அதுக்குச் சொல்லு. மீதிய அவராண்டயே கேளு" என்றார். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் சொன்ன அப்பாவை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எதிர்வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார். ஊருக்கு அவர் பெரியவர். இருவருக்கும் சேர்ந்து ஒரே படகு. புதிதாகப் படகு கட்டியபோது பெரியவர் செத்துப்போன தங்கள் அம்மாவின் பெயரை எழுதவேண்டும் என்றார். நைனா அண்ணனைக் கேட்காமலே எஸ்தர் என்று எழுதிவிட்டார். பெரியவர் அதன்மேல் தாரைப் பூசிவிட்டு அம்மா பெயரை எழுதினார். நைனா படகின் மறுபக்கம் போய் மறுபடி எஸ்தர் என்று எழுதினார். கடைசியில் படகின் ஒரு பக்கம் ஒரு பெயர், மறுபக்கம் இன்னொரு பெயர். அன்றோடு பேச்சு நின்றது.

படகை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆகவே இரண்டு பேரும் தினமும் ஒரே படகில், ஆளுக்கொரு முனையில், பேசாமலே மீன்பிடிக்கப் போனார்கள். வருடக்கணக்கில். தொழிலுக்கு அவசியமானதைப் பெரியவர் வலையிடம் சொல்வார். "வலையே, இந்தப் பக்கம் கொஞ்சம் தளத்தச் சொல்லு." நைனா தண்ணீரில் மிதக்கும் கூழைக்கடாப் பறவையிடம் பதில் சொல்வார். கூழைக்கடா இல்லாத நாட்களில் நங்கூரத்திடம். ஒருமுறை நானும் அந்தப் படகில் போனேன். திரும்பிவருவதற்குள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் நின்ற எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

ஒரு காலையில் சாராள் வாசித்த பகுதி, காணிக்கை கொடுக்க வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்பது. நைனா வழக்கம்போல அதை உற்சாகமாக விளக்கினார். மீனைக் கூடையிலேயே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பேசவேண்டும் என்றார். பிறகு ஜெபித்து ஆமென் கேட்டார்.

ஓலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். ஆமென் வரவில்லை.

"பெரிப்பாவும் உனக்கு சகோதரன்தான நைனா?" என்று எஸ்தரின் குரல் கேட்டது. "நீ அவராண்ட பேசு. அப்பறம் நாங்க சொல்றோம்."

மற்ற இரண்டும் அக்கா கட்சி. நைனா கத்தினார், மறுபடி ஜெபித்தார், மறுபடி கேட்டார். அன்று அவர் ஒருவர் குரலில் மட்டும் ஒரு ஆமென் வந்தது. மறுநாளும் அப்படியே. அடுத்தநாள் நைனா பாய் கடையில் பிள்ளைகளுக்குத் தேங்காய் பிஸ்கட் வாங்கிப் போனார். பிஸ்கட் தீர்ந்தது, ஆமென் வரவில்லை. கடைசியில் பாஸ்டர் ஐயாவிடம் போய், பெற்றவர் சொல் கேட்கவேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் அழுத்திச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். எனக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தானே, மீதி உங்கள் பொறுப்பு ஆயிற்றே என்று ஐயா சிரிக்காமல் சொல்லி அனுப்பிவிட்டார்.

தெரு முழுக்க இதை ரசித்தது. நானும்தான். ஒரு சாயங்காலம் நைனா வந்து என் வாசலில் குந்தி உட்காரும்வரை.

முகம் செத்துப்போயிருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தபோது எஸ்தர் பக்கத்தில் வந்து, சண்டையாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல ஒன்று கேட்டாளாம். நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் நெசமா நைனா, இல்ல எங்களுக்கு மட்டும் சும்மா சொல்றதா என்று.

"நான் அண்ணனாண்ட பேசலன்னா, அந்தப் புள்ளைக்கு சாமியே பொய்யாப் பூடும் சார்" என்றார்.

என்னிடம் அவர் எதையும் எதிர்பார்த்து வரவில்லை. எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஜெபச் சத்தமே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் கிளாஸும் கையுமாக எழுந்து நின்றார்கள். நைனா தெருவில் இறங்கி எதிர்வீட்டை நோக்கி நடந்தார். பாதியில் திரும்பினார். வாசலில் மூன்று பிள்ளைகளும் நின்றிருந்தார்கள். மறுபடி அந்தப் பக்கம் திரும்பினார்.

பெரியவர் மணலில் உட்கார்ந்து வலை உதறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றார் நைனா. அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது யாருக்கும் தெரியாது.

பெரியவர் நிமிரவில்லை. "வலையே, யாரோ கூப்புடுறாங்க, இன்னான்னு கேளு" என்றார்.

நைனா அவருக்கு எதிரே மணலில் மண்டிபோட்டார். "உன்னியக் கேக்காம பேரு எழுதினது என் தப்பு. அம்மா பேரே இருக்கட்டும். மன்னிச்சுக்கோண்ணா."

பெரியவர் வலையைக் கீழே வைத்தார். தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். அவர் அழுவார் என்றோ கட்டிப்பிடிப்பார் என்றோ நாங்கள் நினைத்தோம். அவரோ வருடக்கணக்கில் வாய்க்குள் அடக்கிவைத்திருந்த அத்தனையையும் கொட்டினார்.

"உன் முன்பல்லு ஆடிக்கினு கீது, போய்ப் புடுங்கு. உன் பக்கத்து நங்கூரக் கயிறு இத்துப் பூட்டுது, எத்தினி நாளா சொல்லணும்னு கீறேன். போன மழைக்கு ஜுரத்தோட வந்து நடுங்கினியே, என் துப்பட்டிய உன் பக்கம் தள்ளி வச்சேன், நீ பாக்கவே இல்ல. எஸ்தர் கோயில்ல நல்லா பாடுது. அதயும் உன்னாண்ட சொல்ல முடில எனக்கு."

துப்பட்டி என்றதும் நைனா உடைந்துபோனார். பெரியவர் அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

வாசலிலிருந்து மூன்று குரலும் சேர்ந்து ஒரு ஆமென் வந்தது. யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும். பாய் ஆமீன் என்று முணுமுணுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்து உள்ளே ஓடினார்.

அன்று மத்தியானமே அண்ணன் தம்பிக்குள் மறுபடி சண்டை. அம்மா பெயர்தான் இருக்கவேண்டும் என்று தம்பியும், பிள்ளை பெயர்தான் இருக்கவேண்டும் என்று அண்ணனும் தார் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு பெயரும் அப்படியே இருந்துவிட்டன.

பிறகு சில வருடங்கள் நான் அங்கே இருந்தேன். எஸ்தரைக் காட்டூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வீட்டில் விடியலில் யாரும் தூங்க முடிவதில்லை என்று மாப்பிள்ளை ஒருமுறை மாமனாரிடம் வந்து முறையிட்டார். நைனா அதைப் பெரிய சந்தோஷத்தோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எண்பதுகளில் எனக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும் நாளில் நைனா குடும்பத்தோடும் அண்ணனோடும் வந்துவிட்டார். என் டிரங்குப் பெட்டியின்மேல் கைவைத்துக் கண்ணை மூடினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

"ஆண்டவரே, இந்த சாருக்கு ஒரு நல்ல குடும்பத்தக் குடு. புள்ளைங்களக் குடு. அதுங்க கேள்வி கேக்கும், சார் முழிப்பாரு. அப்ப நீ பக்கத்துல இரு."

பஸ் கிளம்பி நெடுந்தூரம் போனபிறகும் நான் தலையை நிமிர்த்தவில்லை. ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து, பக்கத்து சீட்டுக்காரர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். அது ஜெபம் இல்லை. அந்த மனிதரை விட்டுப் போக எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.