யானைச் சேம்பும் என் தலை ஆடி வேட்டியும்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. சும்மா இருப்பது. பலகாரத் தட்டு வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும், யாராவது ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டால் தலையாட்ட வேண்டும். இந்த எளிய வேலையைக்கூடக் கெடுத்துக்கொண்டு, ஒரு வீட்டு மாப்பிள்ளை பட்டப்பகலில் வேட்டியில்லாமல் தோட்டத்தில் நின்றான் என்றால், அவனுக்கு ஏதோ தனித் திறமை இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது.

என் ஊர் திருவேங்கடம் பக்கம். மானாவாரிக் கரிசல் காடு. எங்கள் ஊரில் பெரிய இலை என்றால் ஆமணக்கு. அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால் எருக்கிலை என்போம். (எருக்கிலை அதைவிடச் சின்னது. எங்கள் கற்பனைக்குத் தண்ணீர் பாய்ச்சினது அவ்வளவுதான்.)

பெண் எடுத்தது இலஞ்சியில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் சாரல் பிடித்துவிட்டால் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, பொரித்த அப்பளம் இலைக்கு வருவதற்குள் நமத்துவிடும். அந்தச் சாரலில்தான் தலை ஆடிக்கு என்னை அழைத்திருந்தார்கள். கல்யாணமான முதல் ஆடியில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, விருந்து வைத்து, வேட்டி எடுத்துக் கொடுத்து, பெண்ணை மட்டும் நிறுத்திக்கொண்டு அவனைத் தனியாகப் பஸ் ஏற்றிவிடுவார்கள். இதற்குப் பெயர் மரியாதை.

என் மாமனார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வாயைத் திறந்தால் விடை மட்டும்தான் வரும், வழிமுறை வராது. நிச்சயம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியது மூன்றே வாக்கியங்கள். ‘வாங்க.’ ‘சாப்பிடுங்க.’ ‘பஸ் கிடைச்சுதா?’ நான்காவது வாக்கியம் ஒன்றை அவரிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்திருந்தது. அவர் மகளைக் கட்டியிருக்கிறேன், ஒரு வாக்கியம் கூடவா கிடையாது?

உமாவிடம் கேட்டேன். உமா என் மனைவி.

“அப்பா யாருகிட்டயும் அப்படித்தான். பின்னால நிக்கிற அந்தச் சேம்புகிட்ட மட்டுந்தான் பேசுவாவ. வாங்க, காட்டுதேன்.”

அடுக்களைக்குப் பின்னால் தோட்டம். அதைத் தாண்டி ஒரு சின்ன வாய்க்கால். வாய்க்கால் ஓரத்தில் ஓலைத் தட்டி மறைவில் நின்றது அந்த யானைச் சேம்பு. சேம்பு என்றதும் குழம்பில் போடுகிற கிழங்கை நினைத்துக்கொண்டு போனவன் நான். அங்கே போய் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு இலை, ஒற்றை இலை, எங்கள் வீட்டுக் கதவை அகலமாக்கி வைத்த மாதிரி என் தலைக்கு மேலே விரிந்திருந்தது. அடியில் போய் நின்றேன். என்மேல் சாரல் நின்றுவிட்டது. இலைக்கு மேலே மழை விழுகிற சத்தம் கேட்டது, நரம்புகளின் ஊடே பச்சை வெளிச்சம் இறங்கியது, என் கை, சட்டை, உமாவின் முகம் எல்லாம் பச்சையாகத் தெரிந்தன. கோயிலில் கூட அப்படி வாயடைத்து நின்றதில்லை. ஒரு செடி இப்படிச் செய்ய முடியும் என்பதை முப்பது வயது வரை யாரும் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்களே என்று வருத்தமாகவும் இருந்தது.

அப்போது மாமா வந்தார். கையில் கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீர் வாளி. அதை வேரோரம் ஊற்றினார். பக்கத்தில் முளைத்த குட்டிக் கன்று ஒன்றைப் பிடுங்கிப் போட்டார். இலையின் அடியில் ஒட்டியிருந்த நத்தையைப் பெயர்த்து எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, செடியைப் பார்த்துச் சொன்னார்.

“முந்தின இலையோட தண்டுக்குள்ள இருந்துதான் அடுத்த இலை வரும். ஒவ்வொண்ணும் தனக்கு முந்தினத ஜெயிச்சிட்டுத்தான் வெளிய வரும்.”

இது எனக்கா, செடிக்கா என்று தெரியாததால் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

உமா தனியாக விஷயத்தைச் சொன்னாள். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற செல்லையா அண்ணாச்சி மாமாவுக்குப் பழைய சேக்காளி, அதாவது கூட்டாளி. புனலூர்ப் பக்கமிருந்து அவர் கொண்டுவந்த ஒரே கிழங்கின் இரண்டு கன்றுகள்தான் அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக வளர்ந்திருக்கின்றன. அருவித் தண்ணீர் குடிக்கிற என் செடியை உம்ம வாய்க்கால் செடி எட்டிப் பிடிக்காது என்று அண்ணாச்சி வருஷா வருஷம் சொல்வார். வருஷா வருஷம் அது உண்மையாகவும் இருந்தது. இந்த வருஷம் அண்ணாச்சியின் இலை அகலத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அளந்து வந்து, அந்த நூலை மாமா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். நாளைக் காலையில் அண்ணாச்சி நேரில் வருகிறார். இலை முடிச்சைத் தாண்டினால் மாமா ஜெயித்தார்.

மறுநாள் காலை, ஆடிச் சீராக வந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் தோட்டத்துப் பக்கம் போனேன். சரிகைக் கரை வைத்த நல்ல கனமான வேட்டி. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணாச்சியை அழைத்துவரத் தெரு முக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“காத்து கூடுது. இலைய ஒரு பார்வை பாத்துக்கிடுங்க மாப்பிள்ளை.”

நான்காவது வாக்கியம். அதில் ‘மாப்பிள்ளை’ வேறு. அந்த நிமிஷம் அவர் செங்கோட்டை மலையைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தாலும் தோளைக் கொடுத்திருப்பேன்.

அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார், ஆடிக் காற்று வந்தது. முதல் வீச்சிலேயே ஓலைத் தட்டி படுத்துவிட்டது. இலை பாய் மாதிரி உப்பி ஒரு பக்கமாக ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. ஒரு பார்வை பார்க்கச் சொன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். நான் ஓடிப்போய்த் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கரிசல் காட்டில் காற்றுக்கு ஒரே வைத்தியம்தான். அடுக்கி வைத்த சோளத்தட்டைப் படப்பு பறக்காமல் இருக்க வேண்டுமா, இறுக்கிக் கட்டு. அசைய விடாதே. பரம்பரையாக நாங்கள் அப்படித்தான் காற்றை ஜெயித்து வந்திருக்கிறோம். கயிறு தேடினேன். கிடையாது. கொடியில் துணியாவது இருக்குமா என்றால், சாரலில் எவள் வெளியே துணி போடுவாள்? உமாவைக் கூப்பிடலாம்; ஆனால் அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சீசனுக்குக் குளிக்க வந்த அவளுடைய சித்திகளும் அத்தைகளும் அங்கே நிறைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் புது மாப்பிள்ளை பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கத்துவதா? கௌரவம் என்னாவது?

ஆகவே கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு வேட்டியை அவிழ்த்தேன்.

தண்டில் ஒரு சுற்று, பக்கத்துத் தென்னையில் இரண்டு சுற்று, படப்பு முடிச்சு. எங்கள் ஊர் முடிச்சு காற்றில் இறுகும், மழையில் இன்னும் இறுகும். செடி விறைப்பாக நின்றது. நான் டிராயரோடு நின்று அதைப் பெருமையாகப் பார்த்தேன். காற்றோடு ஆடி ஆடித்தான் அந்த இலை அத்தனை நாள் பிழைத்திருந்தது என்பது எனக்கு அடுத்த வீச்சில் தெரிந்தது. ஆட முடியாத தண்டு வெள்ளரிக்காய் ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது.

இலை சேற்றில் விழப் பார்த்தது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அதே நேரத்தில் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் பேச்சுக் குரல். வேட்டி தென்னையில் இருந்தது. முடிச்சு அவிழாது, அது எங்கள் ஊர் முடிச்சு. வேறு வழியில்லாமல் இலையை இடுப்போடு சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். ஆச்சரியம் பாருங்கள், ஒரே இலை, ஒரு முழு மனிதனை மார்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தது. அந்தக் கதியிலும் என் மனசின் ஒரு மூலை ‘எப்பேர்ப்பட்ட இலை’ என்று வாய் பிளந்தது.

மாமாவும் செல்லையா அண்ணாச்சியும் வந்து நின்றார்கள். அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

“வேய் வாத்தியாரே, உம்ம செடிக்குக் கால் முளைச்சிருக்கு வேய்.”

மாமா ஒடிந்த தண்டைப் பார்த்தார். தென்னையில் கட்டியிருந்த சரிகைக் கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியமும் வரவில்லை. ஒரு வருஷப் புண்ணாக்குத் தண்ணீர், ஒரு வருஷ நத்தை, எல்லாம் என் இடுப்பில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

“ஒடிஞ்ச இலை கணக்குல சேராதுல்லா?” என்றார் அண்ணாச்சி.

“ஒடிஞ்ச இடத்துல இன்னும் சாறு நிக்கல. சேரும்,” என்றார் மாமா. பையிலிருந்து நூலை எடுத்தார். “மாப்பிள்ளை, அகலம் பாக்கணும். இலைய விரிச்சுப் பிடிங்க.”

இங்கேதான் என் வாழ்க்கையின் பெரிய கேள்வி வந்தது. இலை சுற்றியிருந்தால் மானம் முழுசாக இருக்கும், மாமா தோற்றுப்போவார். விரித்தால் முன்பக்கம் மறையும், பின்பக்கம் திறந்துவிடும். பின்பக்கத்தில் இருந்தது அடுக்களை ஜன்னல். மிக்ஸி வேறு சரியாக அப்போதுதான் நின்றது.

விரித்தேன். இரண்டு கையையும் எட்டின மட்டும் நீட்டிப் பிடித்தேன். அப்படியும் ஓரங்கள் என் கையைத் தாண்டித் தொங்கின.

“ஏட்டி உமா,” என்று பின்னாலிருந்து அவள் சித்தியின் குரல் கேட்டது. “இங்கன வந்து பாரு. ஒன் வீட்டுக்காரர் டிராயர்ல வாத்துப் படம் போட்டிருக்கு.”

ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. இலைச் சாறு கையில் வழிந்து, தொடையில் இறங்கி, ஊசி ஊசியாக அரிக்கத் தொடங்கியிருந்தது. நான் அசையவில்லை. மாமா நூலின் ஒரு முனையைப் பிடிக்க, அண்ணாச்சி மறுமுனையை இழுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். முடிச்சு வந்தது. முடிச்சுக்கு அப்புறமும் இலை இருந்தது. நாலு விரல் இருந்தது.

அண்ணாச்சி நூலை விட்டார். உள்ளங்கையை இலைமேல் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார்.

“ஒத்துக்கிடுதேன் வேய். என் செடிக்கு இலை இருக்கு, இப்படிப் பிடிச்சிட்டு நிக்க மாப்பிள்ளை இல்ல.”

மாமா நூலைச் சுருட்டிப் பையில் போட்டார். என் கையிலிருந்த இலையைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

“தரையில பட விடலையே நீங்க,” என்றார். “அது போதும்.”

அன்று மாலை வரை நான் அரிப்பு அடங்கப் புளித்தண்ணீர் வாளிக்குள் கைகளை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற இடங்களுக்குச் செய்த வைத்தியம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. விருந்தை உமா ஊட்டிவிட்டாள். அதையும் ஜன்னல்காரர்கள் விடாமல் பார்த்தார்கள். தென்னையிலிருந்து வேட்டியை அரிவாளால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. முடிச்சு மட்டும் இன்னும் மரத்திலேயே இருக்கிறது.

தலை ஆடி என்பது ஊருக்கெல்லாம் ஒரு தடவைதான். எனக்கு வருஷா வருஷம் வருகிறது. ஆடி பிறந்ததும் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரி: ‘இலை வந்தாச்சு. வாங்க.’ நான் போய், பேண்ட் போட்டு, பெல்ட்டும் போட்டு, வெட்டின இலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உமாவின் சித்தி நம்பிக்கை இழக்காமல் ஜன்னலில் இடம் பிடிப்பாள். அந்த வீட்டில் இப்போது இலையை அடியாலும் நூலாலும் அளப்பதில்லை. ‘இந்த வருசம் மாப்பிள்ளைக்குக் கழுத்து வரைக்கும்’, ‘இந்த வருசம் மூக்கு வரைக்கும்’ என்றுதான் அண்ணாச்சிக்குப் போனில் தகவல் போகும்.

போன ஆடியில் எடுத்த படத்தைக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் மாமா. பச்சைப் பசேலென்று ஒரு இலை, சட்டம் முழுக்க. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “இலை சரி, மாப்பிள்ளை எங்க?” என்று கேட்கிறார்கள். மாமா எழுந்து போய், படத்தின் அடியோரத்தில் விரலை வைத்துக் காட்டுவார். அங்கே கால் பெருவிரல்கள் இரண்டு தெரியும்.

அது நான்தான்.