பச்சை டிக் வாங்கிய குடும்பம்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு காலத்தில் கல்யாணம் என்றால் ஜாதகம் கேட்டார்கள். பிறகு சம்பளம் கேட்டார்கள். இப்போது வம்சச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதை வழங்கும் ஏகபோக உரிமை 'கிந்தா வட்டார வம்சாவளி ஆய்வுப் பேரவை'க்கு உண்டு. யார் கொடுத்த உரிமை என்று கேட்டால், பேரவைதான் கொடுத்தது.

பேரவையிடம் ஒரு மென்பொருள் இருந்தது. குடும்பத்தார் பெயர்களைத் தட்டிவிட்டால் மரமாக விரித்துக் காட்டும். பிழையில்லாவிட்டால் பச்சை டிக் விழும். வாட்ஸ்அப் குழுவும் உண்டு. "பழைய கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்யுமுன் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கவும்" என்பதுபோல் தினமும் ஒரு நல்ல குறிப்பு வரும். எல்லாரும் கைகூப்பிய படம் போட்டு வரவேற்பார்கள். யாரும் செய்யமாட்டார்கள்.

ஊரை அடுத்த குனோங் ராபாட்டில் இருந்த மகேந்திரனுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. ஆனால் அவர் மகள் புஷ்பலதா காதலித்தது பேரவைத் தலைவர் ஸ்கந்தராஜாவின் மகன் ரதீசனை. ஸ்கந்தராஜா யாழ்ப்பாண வழிவந்தவர், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, அவரிடமிருந்து மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. பச்சை டிக் இல்லாமல் சம்பந்தம் பேசுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

மகேந்திரன் முன்னோர் பெயர் தேடி, அவர்கள் தோட்டவேலை செய்த சுங்கை சிப்புட் பக்கம் அலைந்தார். தோட்டத்து ஆபீஸ் இருந்த இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை மரம் நின்றது. செத்தவர்கள் பெயரைக் கேட்டால், சொத்துப் பிரிக்க வந்திருக்கிறான் என்று உயிரோடிருப்பவர்கள் சந்தேகப்பட்டார்கள். எப்படியோ பெயர்களைச் சேர்த்துத் தட்டினார். மரம் சிவந்தது.

"குமுதா உங்கள் அக்காள் மகள். ஆகவே மனைவியாக இருக்க இயலாது. ஒன்றை நீக்கவும்."

குமுதா அக்கா மகள்தான். மனைவியும்தான். ஊரறிய மாலை மாற்றிக் கட்டியவள். மகேந்திரன் ஸ்கந்தராஜாவிடம் ஓடினார்.

"சார், அக்கா மகள கட்டுறது எங்க முறைலா. பதிவு இலாகாவுலயே பதிஞ்சிருக்கு."

"அது அரசாங்கம், மகேந்திரன். இது மென்பொருள். அரசாங்கத்திட்ட முறையிடலாம், இதிட்ட ஏலாது."

"அப்ப என்னா செய்றது?"

"மனுசிய எடுத்து விடுங்கோ."

"எங்கேருந்து சார்?"

"மரத்திலயிருந்துதான். வீட்டிலயிருந்து எடுக்கப் பேரவைக்கு அதிகாரம் இல்ல." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செயற்குழுவுக்கு மட்டுமான குறிப்பைக் கைப்பேசியில் வாசித்தார்: "சிக்கல் எழுமிடத்து மனைவியை நீக்குக. கணவனை நீக்கினால் மரம் சாயும்."

"புஷ்பாவுக்கு அம்மா வேணுமே?"

"விவரம் கிடைக்கவில்லை எண்டு போடுங்கோ. நிறையப் பேருக்கு அப்பிடித்தான் போட்டிருக்கு."

மகேந்திரன் வீடு திரும்பினார். குமுதா அவர் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு 'நீக்கு' என்பதைத் தட்டினார். பச்சை டிக் விழுந்தது. "எல்லாம் சரியாயிருச்சி" என்று மட்டும் குமுதாவிடம் சொன்னார்.

பேரவையின் ஆண்டு விருந்தில் நிச்சயத்தை அறிவிப்பதாக ஏற்பாடு. அதற்குமுன், பேராக் மாநிலத்தின் பிழையற்ற பெருங்குடும்பத்துக்குப் பரிசுக் கிண்ணம். பாரபட்சத்துக்கு இடமின்றி மென்பொருளே தேர்ந்தெடுக்கும் என்று ஸ்கந்தராஜா அறிவித்துப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் எழுத்து விரிந்தது. "சேராதோர் குடும்பம். உறுப்பினர்களுக்குள் எவ்வித உறவும் இல்லை. ஆகவே உறவுப் பிழையும் இல்லை."

பலத்த கைத்தட்டல். பிறகு பெயர்கள் ஓடின. கைத்தட்டல் மேசை மேசையாக நின்றது. நீக்கிய மனைவிமாரை மென்பொருள் வீசிவிடவில்லை. ஒரே குடும்பமாகக் கூட்டி வைத்திருந்தது. கலாதேவி. குமுதா. தலைவரின் தாய்மாமன் மகளும் தர்மபத்தினியுமான விமலாதேவி.

"மாமா, என்னைய எப்ப எடுத்தீங்க?" என்றாள் குமுதா.

"புஷ்பாவுக்காகத்தான்லா..."

"அவளுக்கு அம்மா வேணாமா?"

மகேந்திரன் தட்டிலிருந்த கோழியைப் பார்த்தார். அது எந்த உதவியும் செய்யவில்லை.

குமுதா மேடையேறிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே விமலாதேவி ஏறினார். மற்ற மேசைகளிலும் நாற்காலிகள் நகர்ந்தன.

"ரதீசன் அம்மாவும் நானும் இப்ப ஒரே குடும்பம்," என்று குமுதா மைக்கில் சொன்னாள். "சம்பந்தம் பேசியாச்சு."

மைக்கில் கேட்டதையும் மென்பொருள் பதிந்துகொண்டது போலும், திரை உடனே சிவந்தது. "ஒரே குடும்பம். மணமக்கள் உடன்பிறப்புகள். ஒருவரை நீக்கவும்."

"விதிப்படி பாத்தா..." என்று ஸ்கந்தராஜா தொடங்கினார்.

"உங்கட விதி இந்த வயரிலதானே ஓடுது?" என்று விமலாதேவி பிளக்கைப் பிடுங்கினார்.

பெண்கள் மணமக்களை அழைத்துக்கொண்டு நாள் குறிக்கப் புறப்பட்டார்கள். கார் சாவியெல்லாம் அவர்கள் கைப்பையில் இருந்தது.

மண்டப வாசலில் ஆண்கள் சான்றிதழும் கையுமாக நின்றார்கள். ஈப்போ மழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்புவது குறித்து ஆராய ஸ்கந்தராஜா தலைமையில் அங்கேயே ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழுவின் முதல் தீர்மானப்படி அனைவரும் மென்பொருளைத் திறந்து, 'அருகிலுள்ள உறவினர்' என்பதைத் தட்டினார்கள்.

எல்லார் கைப்பேசியிலும் ஒரே பதில் வந்தது.

"அருகில் உங்களுக்கு யாரும் இல்லை. எனினும் உங்கள் மரத்தில் பிழை ஏதுமில்லை. வாழ்த்துகள்."