பிடித்துப்போனதால் வேலை இல்லை

மூளையைக் கொண்டு பிழைப்பவர்கள் ஒரு வகை. அது இல்லாமலே சௌகரியமாக இருப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டிலும் சேராமல், அடுத்தவர் மூளைக்குள் போய்க் குடியிருக்கும் மூன்றாவது வகை ஒன்று சமீபகாலமாகப் பெருகிவருகிறது. அந்த வகை ஆள் ஒருவருக்கு மூளைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவர் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. மூளை ஆராய்ச்சி பற்றிய புத்தகம் ஒன்றில் எண்பது பக்கம் படித்திருக்கிறார். அதே எண்பது பக்கத்தைச் சுருக்கிச் சொல்லும் வீடியோக்கள் ஒரு நூறு பார்த்திருக்கிறார். போதாதா?

பேருந்தில் அவர் உங்கள் காலை மிதித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பார்த்து நில்லுங்க சார்" என்கிறீர்கள். சாதாரண மனிதர் காலை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். இவரோ, உங்கள் தலைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருப்பதையும், பயமும் கோபமும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பதையும், காட்டில் சிறுத்தையிடமிருந்து தப்பிக்க ஏற்பட்ட ஏற்பாடு அது என்பதையும், இந்தப் பேருந்தில் சிறுத்தை எதுவும் ஏறவில்லை என்பதையும் அடுத்த நிறுத்தம்வரை பொறுமையாக விளக்குவார். அவர் கால்? அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?

"குளியலறைக் குழாய் ஒழுகுது. ஆளை வரச் சொல்லுங்க" என்கிறாள் மனைவி.

"ஒழுகுதுன்னு நீ முடிவு பண்ணிட்டே. இனிமே உன் மூளை ஒழுகுறதை மட்டும்தான் கவனிக்கும். ஒழுகாத நேரம் உன் கண்ணுல படவே படாது."

"கூடம் வரைக்கும் தண்ணி வந்திருக்கு. இதையும் என் மூளைதான் ஊத்துச்சா?"

மாமனார் இறந்த அன்று சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த மச்சான் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அழுதுடு மச்சான். எல்லாம் ரசாயனம்தான். இன்னும் இருபது நிமிஷத்துல தானா குறைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் அன்றிலிருந்து பேசுவதில்லை. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

இவரோடு வாதாடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒத்துக்கொண்டால் அறிவியல் வென்றது. மறுத்தால் உங்கள் மூளை தற்காப்பில் இறங்கிவிட்டது, அதுவும் அறிவியலே. பேசாமல் இருந்தால் உள்ளுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். ஊரார் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்ந்து யோசிக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். தன் சாய்வு தனக்குத் தெரியாது என்ற ஆராய்ச்சி எண்பத்தோராம் பக்கத்தில் வருகிறது.

இப்படிப்பட்டவர் வீட்டோடு இருந்தால் சேதாரம் குறைவு. சிலருக்கு உத்தியோகம் இருக்கிறதே. அதிலும் சிலருக்கு ஆள் எடுக்கும் அதிகாரமும் இருக்கிறதே.

நான் சொல்லும் மூளைக்காரர், லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஜன்னலில்லாத அறை, மூன்று தொலைபேசி, சுவர் முழுக்கக் கட்டடங்களின் பட்டியல். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் அலறல் இந்த அறைக்குத்தான் வரும். அதை எடுத்துக் கேட்பவள் ஒரு தற்காலிக ஊழியை. மூன்று வருடமாகத் தற்காலிகம்.

அவள் எடுத்த எடுப்பில் முகவரி கேட்க மாட்டாள். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்பாள். எண்ணுவார்கள். "பட்டனுக்கு மேல தகட்டுல ஒரு நம்பர் இருக்கும். நிதானமா ஒவ்வொண்ணா படிங்க" என்பாள். படிப்பார்கள். படித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு மூச்சு சீராகிவிடும். இவளுக்கு எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்பது தெரிந்துவிடும். கதவு திறக்கும்வரை இணைப்பைத் துண்டிக்க மாட்டாள்.

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தா நேரா போய்க் கதவைத் திறக்கலாம். மத்தவங்க எழுதினா முதல்ல தெருவைத் தேடணும்" என்பார் மூத்த மெக்கானிக்.

அந்த இடத்தை நிரந்தர வேலையாக்கினார்கள். நேர்முகத் தேர்வுக்கு இரண்டே பேர்: அவளும், வெளியிலிருந்து ஓர் இளைஞனும். அவன் அரை மணி நேரம் தாமதமாக வந்தான். பேசும்போது இரண்டு முறை கைப்பேசியைப் பார்த்தான். "ராத்திரி ஷிஃப்ட்டெல்லாம் எனக்குச் சரிப்படாது" என்றான். தேர்வு முடிந்ததும், கூட உட்கார்ந்து மதிப்பெண் போட்ட மேலாளர் தாளை மடித்து வைத்தார்.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? பொண்ணுக்கே குடுத்துடலாம்."

"அதுதான் ஆபத்து" என்றார் மூளைக்காரர். "உங்களுக்கு அவளைப் பிடிச்சிருக்கு. எனக்கும் பிடிச்சிருக்கு. மெக்கானிக்குக்கும் பிடிச்சிருக்கு. ஒருத்தர்கிட்ட ஒரு நல்லதைப் பார்த்துட்டா தலையைச் சுத்தி ஒளிவட்டம் தெரிய ஆரம்பிச்சிடும். அப்புறம் அவங்க செய்யுறதெல்லாம் நல்லதாவே படும்."

"நல்லாத்தான் செய்யுறா சார்."

"பாருங்க, ஒளிவட்டம் தெரியுது பாருங்க. அந்தப் பையனைப் பார்த்ததும் எனக்கு ஒரு எரிச்சல். காரணமே இல்லாத எரிச்சல்."

"காரணம் இருக்கே. அரை மணி லேட்டு."

"மூளை காரணம் தேடும் சார். தேடினா கிடைக்கும்."

பிடித்தவளுக்குப் பத்து மதிப்பெண் குறைத்தார். பிடிக்காதவனுக்குப் பத்து கூட்டினார். இதற்குச் சரிக்கட்டல் என்று பெயர். மேலாளர் மேலும் வாதாடியிருப்பார். ஆனால் வாதாடினால் அதுவும் ஒளிவட்டக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் அவள் மூளைக்காரரின் மேசைக்கு முன் வந்து நின்றாள்.

"எங்க தப்பு பண்ணினேன் சார்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. உன்னை எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"அதுக்கா சார் வேலை இல்லேன்னீங்க?"

"உனக்கு இப்போ கோபம். கோபத்துல இருக்குற மூளைக்கு இது புரியாது. ஒரு வாரம் கழிச்சு வா."

"ஒரு வாரம் கழிச்சு எனக்கு இங்க நாற்காலி இருக்காது. வீட்டுல என் ஒருத்தி சம்பாத்தியம்தான். பரவாயில்ல, அதை விடுங்க. மூணு வருஷமா நான் பேசினது எல்லாம் அந்தப் பெட்டியில பதிவாகியிருக்கு. ஒண்ணாவது கேட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன் சார்?"

"கேட்டா இன்னும் பிடிச்சுப்போயிடுமேம்மா."

அவள் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதியவன் வந்தான். முதல் அழைப்பில், உள்ளே மாட்டிய ஐந்து பேரிடம் அஞ்சல் குறியீட்டு எண் கேட்டான். தெரியாது என்றார்கள். "தெரிஞ்சதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டான். மெக்கானிக் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்டுவது மூளையின் சோம்பேறித்தனம் என்றார் மூளைக்காரர். நான்கு சம்பவம் ஆனது. கெட்டது மட்டுமே நினைவில் தங்கும் என்றார். ஆறு கட்டடக்காரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குப் போனார்கள். மந்தை மனப்பான்மை என்றார்.

போட்டி நிறுவனத்தில் இப்போது தொலைபேசி எடுப்பவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அவளுக்கு நடந்த தேர்வு பத்து நிமிடம். ஒரு தொலைபேசியைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அவ்வளவுதான். எண்பது பக்கம் படிக்காதவர்கள் வேறெப்படிச் செய்வார்கள்?

மூளைக்காரரும் இதைக் கேள்விப்பட்டார். "எனக்கு அப்பவே தெரியும், அவ நல்லா வருவான்னு" என்றார். நடந்து முடிந்ததை முன்பே தெரிந்ததாக நினைத்துக்கொள்வதற்கும் ஆராய்ச்சியில் ஒரு பெயர் உண்டாம். மற்றவர்களுக்கு மட்டும் வருவது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். எதிரில் ஒருவர் நின்று "என் வேலையைப் பாருங்க" என்றால் வேலையைத்தான் பார்ப்பீர்கள். இப்போதுகூட, மூளைக்காரர் மேல் நான் சொன்ன குறைகள் சரியா தவறா என்றுதானே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை, இதை எழுதுகிறவனுக்கு அந்த மனுஷன் மேல் என்ன பொறாமையோ, சின்ன வயதில் என்ன அடிபட்டானோ என்று யோசிக்கிறீர்களா?

அப்படியென்றால் உட்காருங்கள். இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.